பெற்றோராகும் இளம் அறிவியலாளரும் ஆய்வு நல்கைகளும்: ஒரு விளக்கம்

1.0 முன்னுரை

ஓர் அறிவியலாளர் உருவாவதற்கு நெடுங்காலம் தேவைப்படுகிறது. இளங்கலை, முதுகலை, முனைவர்ப் பட்டம் எனப் படிப்படியாக முன்னேறி, அதன்பின் ஓரிரு இடங்களில் முனைவர் பட்ட மேலாய்வாளராகக் குறுகிய கால ஒப்பந்தங்களில் பணியாற்றிய பின்னரே நிரந்தரப் பணியிடம் ஒன்று பலருக்குக் கைகூடுகிறது. இருபதுகளின் பிற்பகுதியிலிருந்து முப்பதுகளின் இறுதிவரை நீளும் இக்காலமே பெரும்பாலோர் மணம்புரிந்து மக்களைப் பெறும் காலமுமாகும். ஆய்வு வாழ்க்கையின் அடித்தளமும் குடும்ப வாழ்க்கையின் அடித்தளமும் ஒரே பத்தாண்டுக்குள் இடப்பட வேண்டிய நிலை இதனால் உருவாகிறது.

இந்நிலையில் ஆய்வுக்கு நிதி வழங்கும் அமைப்புகள் இளம் அறிவியலாளர்க்கு எவ்வெவ்வாறு துணைநிற்கின்றன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஐரோப்பா, வட அமெரிக்கா, ஜப்பான், இந்தியா ஆகிய இடங்களில் நடைமுறைக்கு வந்த சில திட்டங்களை வகைப்படுத்தி, அவற்றின் பயனையும் குறைகளையும் நாம் ஈண்டு நோக்குவோம். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அறிவியல் துறைகளைச் சார்ந்தவையெனினும், முதுகலை, முனைவர்ப் பட்ட ஆய்வுகளை நெறிப்படுத்தும் எவருக்கும், பணியிலிருந்தவாறே ஆய்வில் ஈடுபடும் ஆசிரியர்களுக்கும் இச்செய்திகள் பயன்படும் என்பது எம் கருத்து.

2.0 இருவகைக் காலக்கணக்கு

ஆய்வுலகம் எதனையும் ஆண்டுக் கணக்கில் அளக்கிறது. பட்டம் பெற்று எத்தனை ஆண்டுகள் ஆயின, அவ்வாண்டுகளில் எத்தனை கட்டுரைகள் வெளிவந்தன, ஒப்பந்தம் முடிய இன்னும் எத்தனை திங்கள் உள்ளன என்பனவே ஒருவரின் தகுதியைத் தீர்மானிக்கின்றன. உடலின் காலக்கணக்கோ வேறு. இவ்விரண்டும் முரண்படும்போது பெரிதும் பாதிக்கப்படுபவர் பெண்ணே.

ஆய்வுக்கூடத்தை மையமாகக் கொண்ட துறைகளில் இம்முரண் மேலும் கூர்மையடைகிறது. நூலகத்தில் எடுத்த குறிப்புகளைச் சில திங்கள் மூடிவைக்கலாம். ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்படும் உயிரணுக்களுக்கோ சில நாள்களுக்கு ஒருமுறை ஊட்டக் கரைசலை மாற்றியாக வேண்டும். சோதனை விலங்குகளை அன்றாடம் பேண வேண்டும். கள ஆய்வு செய்வோர்க்குப் பருவம் தவறினால் ஓராண்டே தவறிவிடும். கதிரியக்கப் பொருள்களையும் சிலவகை வேதிக் கரைப்பான்களையும் கருவுற்ற நிலையில் கையாளுவதற்குப் பாதுகாப்பு விதிகள் கட்டுப்பாடு விதிக்கின்றன. எனவே, இழப்பு குழந்தை பிறந்த நாளில் தொடங்குவதன்று. பல திங்களுக்கு முன்னரே தொடங்கிவிடுகிறது. விடுப்பு முடிந்து திரும்பிய பின்னும் நின்றுபோன சோதனைகளை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியுள்ளது.

இதன் விளைவைச் சுட்டும் ஆய்வொன்றை இங்குக் குறிப்பிடலாம். எரின் செக், மேரி பிளேர்-லாய் ஆகிய இரு சமூகவியலாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் அறிவியல், தொழில்நுட்பத் துறைகளில் முழுநேரப் பணியிலிருந்தோரின் நிலையை ஆராய்ந்தனர். முதற் குழந்தை வந்த சில ஆண்டுகளுக்குள் பெண்களில் 43 விழுக்காட்டினரும் ஆண்களில் 23 விழுக்காட்டினரும் அத்துறைகளின் முழுநேரப் பணியை விட்டு நீங்கினர் என்பது அவர்களின் முடிவு. இக்கணக்கு பல்கலைக்கழக ஆய்வாளரை மட்டும் குறிப்பதன்று என்பதையும், ஆண்களிலும் கிட்டத்தட்ட நான்கில் ஒருவர் நீங்கியுள்ளார் என்பதையும் கருத்திற்கொள்ள வேண்டும். சிக்கல் பெண்களை மிகுதியாகத் தாக்குகிறது. எனினும் அது பெண்களுக்கு மட்டுமே உரிய சிக்கலன்று.

3.0 பணியாளரா, உதவித்தொகை பெறுநரா?

மகப்பேற்றுப் பாதுகாப்பைத் தரும் சட்டங்கள் பெரும்பாலும் 'பணியாளர்' என்னும் சொல்லின்மீது கட்டப்பட்டவை. முனைவர்ப் பட்ட மாணவரும் உதவித்தொகையில் பணிபுரியும் மேலாய்வாளரும் பல நாடுகளில் இச்சொல்லின் எல்லைக்கு வெளியே நிற்கின்றனர். இதுவே இப்பொருளின் அடிப்படைச் சிக்கல் எனலாம்.

அமெரிக்காவில் 1993இல் இயற்றப்பட்ட குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் 12 வார விடுப்புக்கு உரிமை தருகிறது. அவ்விடுப்பு ஊதியமற்றது. அதனைப் பெறவும் ஓராண்டுப் பணியும், அவ்வாண்டில் 1,250 மணி நேர உழைப்பும் தேவை. போட்டியில் வென்று தனி உதவித்தொகை பெற்ற ஆய்வாளரைப் பல நிறுவனங்கள் பணியாளராகக் கருதுவதில்லை. ஆகவே, பேராசிரியரின் திட்டத்தில் சம்பளத்திற்குப் பணியாற்றுபவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, அவரினும் பெருமைக்குரிய உதவித்தொகையைப் பெற்றவருக்குக் கிடைக்காமற் போகலாம். தகுதி உயர, பாதுகாப்புக் குறையும் விந்தை இது.

சட்டம் எட்டாத இடத்தை நிதி வழங்குவோர் தம் விதிகளால் நிரப்ப முடியும் என்பதற்குப் பிரிட்டன் சான்றாகிறது. அங்கு ஆய்வு மன்றங்களின் உதவித்தொகையில் பயிலும் முனைவர்ப் பட்ட மாணவியர் சட்டப்படி பணியாளர் அல்லர். ஆயினும், பயிற்சி நல்கைக்கான நிபந்தனைகளிலேயே 52 வாரம் வரையிலான மகப்பேற்று விடுப்பு எழுதப்பட்டது. முதல் 26 வாரம் முழு உதவித்தொகையும், அடுத்த 13 வாரம் சட்டப்படியான மகப்பேற்றுத் தொகைக்கு நிகரான தொகையும் வழங்கப்படும்; எஞ்சிய 13 வாரம் ஊதியமற்றது என்பது அவ்விதியின் அமைப்பு. கனடாவின் கூட்டரசு 2019ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், தன் ஆய்வு மன்றங்களின் நிதியைப் பெறும் மாணவர்க்கும் மேலாய்வாளர்க்கும் உரிய ஊதிய விடுப்பை 6 திங்களிலிருந்து 12 திங்களாக உயர்த்தியது.

இங்கு மற்றொன்றையும் நோக்க வேண்டும். விடுப்புக் காலத் தொகை எந்தப் பணத்திலிருந்து வருகிறது? பேராசிரியரின் திட்ட நல்கையிலிருந்தே அது கழிக்கப்படுமாயின், ஒரு மாணவி தாயாகும்போது அத்திட்டத்தின் நிதி சுருங்கும். அவ்வாறான முறை, இளம் பெண்களைத் திட்டத்தில் சேர்க்கத் தயங்குமாறு நெறியாளரை மறைமுகமாகத் தூண்டும். நிதியமைப்பே தனியாகக் கூடுதல் தொகை வழங்கினால் இத்தயக்கத்திற்கு இடமில்லை.

4.0 ஆதரவின் வகைகள்

ஊதிய விடுப்பே ஆதரவின் முதல் வகை. அதற்கு அப்பாற்பட்ட ஏனைய வகைகளை நான்காகப் பகுத்துக் காணலாம்.

4.1 தகுதிக் கால நீட்டிப்பு

இளம் ஆய்வாளர்க்கான நல்கைகள் பட்டம் பெற்ற ஆண்டிலிருந்து எண்ணப்படும் கால எல்லை ஒன்றைக் கொண்டுள்ளன. அவ்வெல்லையைக் குழந்தைப்பேற்றுக்காக நீட்டித்துத் தருவது இவ்வகையின்பாற்படும்.

ஐரோப்பிய ஆய்வு மன்றம் 2007இல் தன் முதல் அழைப்பை விடுத்தது. அம்மன்றத்தின் தொடக்கநிலை நல்கை ஐந்தாண்டுகளுக்கு 15 இலட்சம் யூரோ வரை வழங்கும் பெருநல்கையாகும். 2025ஆம் ஆண்டு அழைப்பின்படி, முனைவர்ப் பட்டம் பெற்று 2 முதல் 7 ஆண்டுகளுக்குள் இருப்போர் இதற்கு விண்ணப்பிக்கலாம். தாய்மார்க்கு ஒவ்வொரு குழந்தைக்கும் 18 திங்கள் கூடுதலாக வழங்கப்பட்டது. குழந்தை பட்டத்திற்கு முன் பிறந்ததா, பின் பிறந்ததா என்ற வேறுபாடு கருதப்படவில்லை. இரு குழந்தைகளின் தாய்க்கு ஏழாண்டு எல்லை பத்தாண்டாகிறது. தந்தையர்க்கோ அவர்கள் உண்மையில் எடுத்த, சான்றுகளால் மெய்ப்பிக்கப்பட்ட விடுப்புக் காலம் மட்டுமே சேர்க்கப்பட்டது.

தாய்க்குச் சான்று கேளாமல் ஒரே அளவிலான காலம் வழங்கப்படுவதன் காரணம் எளிதில் விளங்கும். மேலே கண்டவாறு, இழப்பு விடுப்பு நாள்களோடு முடிவதன்று. இரண்டே திங்களில் ஆய்வுக்கூடம் திரும்பிய தாய்க்கும் ஓராண்டு கழித்துத் திரும்பிய தாய்க்கும் உறக்கமற்ற இரவுகள் ஒன்றே. விடுப்பு நாளை மட்டும் எண்ணினால், வசதியின்மையால் விரைந்து திரும்பியவரே நட்டமடைவார்.

அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள், பட்டத்திற்குப் பிந்திய பத்தாண்டுகளை இளநிலை ஆய்வாளர்க்குரிய காலமாகக் கொண்டிருந்தன. அக்காலத்தினுள் குழந்தை பெற்றவர்க்கு ஓராண்டு நீட்டிப்பு வழங்குவதாக 2018இல் அவை அறிவித்தன. ஜெர்மனியில் 2007இல் இயற்றப்பட்ட அறிவியல் பணி ஒப்பந்தக் காலச் சட்டம், தகுதி வளர்ச்சிக்கான தற்காலிக ஒப்பந்தங்களில் ஒருவரைப் பட்டத்திற்கு முன் 6 ஆண்டும் பின் 6 ஆண்டும் மட்டுமே வைத்திருக்கலாம் என வரையறுத்தது; மருத்துவத் துறையில் பட்டத்திற்குப் பின் 9 ஆண்டு. குழந்தையைப் பேணுவோர்க்கு ஒரு குழந்தைக்கு ஈராண்டு வீதம் இவ்வெல்லை நீளும்.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். எல்லை நீள்வது வேறு. சம்பளம் நீள்வது வேறு. மேற்குறித்த ஜெர்மானியச் சட்டத்தின் ஈராண்டு நீட்டிப்பு, நிறுவனம் விரும்பினால் ஒப்பந்தத்தைத் தொடரலாம் என அனுமதிக்கிறதேயன்றித் தொடர்ந்தாக வேண்டும் எனக் கட்டாயப்படுத்துவதில்லை. கையில் நிதியில்லாத நிறுவனத்தில் அந்நீட்டிப்பு ஏட்டளவில் நின்றுவிடும். கடிகாரத்தை நிறுத்துவது செலவற்றது. ஆதலின் அதனை அமைப்புகள் எளிதில் வழங்கிவிடுகின்றன.

4.2 ஆய்வுத் தொடர்ச்சிக்கான மாற்றுப் பணியாளர்

ஆய்வாளர் விடுப்பில் இருக்கும்போது அவருடைய சோதனைகள் அழியாமற் காக்க மாற்று ஆள் ஒருவருக்கு ஊதியம் வழங்குவது அடுத்த வகை. அமெரிக்கத் தேசிய அறிவியல் நிறுவனம் 2011இல் பணி-வாழ்வுச் சமநிலைத் திட்டம் ஒன்றை அறிவித்தது. நல்கையின் தொடக்கத்தை ஓராண்டு வரை தள்ளிவைத்தல் அதில் ஒன்று. விடுப்பிலுள்ள ஆய்வாளரின் பணியைத் தொடர ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவரை மூன்று திங்கள் வரை அமர்த்தக் கூடுதல் நிதி வழங்கும் வாய்ப்பும் அதனையொட்டி ஏற்பட்டது. தொகை சிறிதெனினும் பயன் பெரிது. ஈராண்டு உழைப்பில் உருவான சோதனை விலங்கு வரிசை ஒன்றை மூன்று திங்கள் பேண ஆளில்லாமல் இழப்பதைவிட, ஒருவருக்கு மூன்று திங்கள் ஊதியம் தருவது நிதியமைப்புக்கே சிக்கனமன்றோ!

4.3 வீட்டுப் பணிச்சுமையைக் குறைத்தல்

இவ்வகையில் தனித்து நிற்பது ஜெர்மனியின் கிறிஸ்டியானே நியூஸ்லைன்-ஃபோல்ஹார்ட் அறக்கட்டளை. பழ ஈயின் கருவளர்ச்சியை நெறிப்படுத்தும் மரபணுக்களைக் கண்டறிந்தமைக்காக 1995இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசை இருவரோடு பகிர்ந்துகொண்ட அறிவியலாளர் இவர். டியூபிங்கனில் மேக்ஸ் பிளாங்க் நிறுவனமொன்றின் இயக்குநராகப் பணியாற்றியவர். திறன்மிக்க இளம் பெண்கள் குழந்தை பெற்ற பின் ஆய்விலிருந்து நழுவிச் செல்வதைக் கண்டு 2004இல் இவ்வறக்கட்டளையை நிறுவினார்.

குழந்தையுள்ள முனைவர்ப் பட்ட மாணவியர்க்கும் மேலாய்வாளர்க்கும் திங்கள்தோறும் சில நூறு யூரோவை இது வழங்குகிறது. இத்தொகை சோதனைக் கருவிகளுக்கோ, வாழ்க்கைச் செலவுக்கோ உரியதன்று. வீட்டைத் துப்புரவு செய்ய ஆள் அமர்த்தலாம்; பாத்திரம் கழுவும் இயந்திரம் வாங்கலாம்; மாலை நேரத்திலோ கருத்தரங்கிற்குச் செல்லும்போதோ குழந்தையைக் கவனிக்க ஒருவரை ஏற்பாடு செய்யலாம். பகல்நேரப் பராமரிப்புக்கு உரிய ஏற்பாட்டைப் பெற்றோர் முன்னரே செய்திருக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. அதற்குமேல் ஆய்வாளர்க்குத் தேவைப்படும் சில மணி நேரத்தை இத்தொகை மீட்டுத் தருகிறது.

இத்திட்டத்தின் சிறப்பு அதன் நோய்நாடலில் உள்ளது. இளம் தாய்க்கு அருகிப்போவது பணத்தினும் காலமே என்பதை அது உணர்ந்திருக்கிறது. வீட்டு வேலைக்குச் செலவிடுவதை ஆய்வுச் செலவாக ஏற்க நிதிக் கணக்காளர்கள் தயங்குவர். சிறிய தொகையாயினும் தனியார் அறக்கட்டளை அதனைத் துணிந்து செய்தது.

அரசு அமைப்புகளும் பிற்காலத்தில் இத்திசையில் சில அடிகள் எடுத்துவைத்தன. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் 2021ஆம் நிதியாண்டில் தம் பயிற்சி உதவித்தொகை பெறுவோர்க்குக் குழந்தைப் பராமரிப்புச் செலவுக்கென ஆண்டுக்கு 2,500 டாலர் வழங்கத் தொடங்கின. உரிமம் பெற்ற பராமரிப்புக்கே அத்தொகையைச் செலவிடலாம். அந்நாட்டுப் பெருநகரங்களில் கைக்குழந்தை ஒன்றின் பராமரிப்புக்கு ஆண்டுக்குப் பதினாயிரம் டாலருக்கு மேல் செலவாகும் நிலையில், இது ஒரு பகுதியையே ஈடுசெய்யும்.

4.4 மீள்வருகைத் திட்டங்கள்

ஆய்வை விட்டு விலகியவரை மீண்டும் அழைத்துவரும் திட்டங்கள் இறுதி வகையாகும். பிரிட்டனில் இயற்பியல் துறையின் முதற் பெண் பேராசிரியரான டாஃப்னே ஜாக்சன் 1985இல் தொடங்கிய உதவித்தொகை இதற்கு முன்னோடி. ஈராண்டோ அதற்கு மேலோ ஆய்விலிருந்து விலகியிருந்தோர் பகுதிநேரமாகத் திரும்பிவர அது வழிசெய்தது. 1991இல் அவர் மறைந்தபின் அவர் பெயரால் அமைந்த அறக்கட்டளை அப்பணியைத் தொடர்ந்தது. ஜப்பானிய அறிவியல் வளர்ச்சிக் கழகம் மகப்பேறு, குழந்தை வளர்ப்பு ஆகியவற்றால் ஆய்வை நிறுத்தியவர்க்கென 2006இல் தனி உதவித்தொகை ஒன்றைத் தொடங்கியது. இதற்கு ஆண்களும் விண்ணப்பிக்கலாம்.

இந்திய அறிவியல், தொழில்நுட்பத் துறை 2002-2003இல் பெண் அறிவியலாளர் திட்டத்தைத் தொடங்கியது. அடிப்படை அறிவியல் ஆய்வு, சமூகப் பயன்பாட்டு ஆய்வு, அறிவுசார் சொத்துரிமைப் பயிற்சி என மூன்று பிரிவுகள் அதில் அமைந்தன. மூன்றாம் பிரிவு நோக்கத்தக்கது. ஆய்வுக்கூடத்திற்குத் திரும்ப இயலாத பெண்ணும் தாம் கற்ற அறிவியலைக் காப்புரிமைத் துறையில் பயன்படுத்த அது இடமளித்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் வெளியிட்ட விதிமுறைகள், முனைவர்ப் பட்ட மாணவியர்க்கு ஒருமுறை 240 நாள்கள் வரை மகப்பேற்று அல்லது குழந்தைப் பராமரிப்பு விடுப்பும், ஆய்வை நிறைவுசெய்ய ஈராண்டு கூடுதல் காலமும் அளித்தன.

மீள்வருகைத் திட்டங்கள் போற்றத்தக்கவை. எனினும், சென்றவரை அழைத்துவருவதினும் செல்லாமற் காப்பது எளிது. அறிவியல் விரைந்து மாறுவது. ஐந்தாண்டு விலகியவர் கருவிகளையும் முறைகளையும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும்.

5.0 எண்ணிப் பார்க்க வேண்டிய குறைகள்

நன்னோக்கத்தோடு அமைந்த விதி நேர்மாறான பயனைத் தரவும் கூடும். அமெரிக்காவின் முன்னணிப் பொருளியல் துறைகளில் குழந்தை பெற்ற ஆண், பெண் இருவர்க்கும் நிரந்தரப் பணி மதிப்பீட்டை ஓராண்டு தள்ளிவைக்கும் முறை பரவியது. ஹெதர் அன்டெகோல், கெல்லி பெடார்ட், ஜென்னா ஸ்டியர்ன்ஸ் ஆகியோர் 2018இல் வெளியிட்ட ஆய்வு இதன் விளைவை ஆராய்ந்தது. அம்முறைக்குப் பின் அத்துறைகளில் ஆண்கள் நிரந்தரப் பணி பெறும் வீதம் உயர்ந்தது. பெண்களின் வீதமோ குறைந்தது. கூடுதல் ஆண்டில் ஆண்கள் தலைசிறந்த ஆய்விதழ்களில் மிகுதியாக எழுதினர் என்பதும் அவ்வாய்வால் தெரியவந்தது. ஒரே அளவான ஓராண்டு இருவர்க்கும் ஒரே ஓராண்டாக அமையவில்லை.

இதனால் தந்தையர்க்கு விடுப்பே கூடாது என முடிவுசெய்வது தவறாகும். தந்தை உண்மையில் குழந்தையைப் பேணினாலன்றித் தாயின் சுமை குறையாது. வழங்கப்படும் காலம் பேணும் பொறுப்போடு பிணைக்கப்பட வேண்டும் என்பதே இதிலிருந்து பெறப்படும் பாடம். தந்தையர்க்குச் சான்றளிக்கப்பட்ட விடுப்பை மட்டும் கணக்கிடும் ஐரோப்பிய முறையை இவ்வகையில் பொருந்தக் காணலாம்.

இடப்பெயர்ச்சி மற்றொரு சிக்கல். மேலாய்வாளர் அயல்நாடு செல்வது அறிவியலில் ஏறத்தாழ எழுதப்படாத விதியாகிவிட்டது. தாய்நாட்டில் பாட்டியும் பெரியம்மாவும் சித்தியும் பகிர்ந்துகொள்ளும் வேலை அயல்நாட்டில் இருவர் தலையில் விழுகிறது. தமிழகத்திலிருந்தும் மலேசியாவிலிருந்தும் மேல்படிப்புக்குச் செல்லும் இணையர் இதனை நன்கறிவர். பேரக் குழந்தையைப் பார்க்க வரும் பாட்டியின் வருகை நுழைவிசைவு அனுமதிக்கும் காலத்தோடு முடிந்துவிடும். அதன்பின் பராமரிப்பகமே கதி. ஆகவே, குழந்தைப் பராமரிப்புத் தொகை உள்ளூர் ஆய்வாளரினும் அயலகத்தார்க்கே இன்றியமையாதது.

6.0 மலேசிய, சிங்கப்பூர்ச் சூழல்

மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2023 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்வழித் தீபகற்ப மலேசியாவில் மகப்பேற்று விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. 14 வாரமாகிய இவ்வளவு, அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 2000ஆம் ஆண்டு மகப்பேற்றுப் பாதுகாப்பு ஒப்பந்தம் வகுத்த குறைந்த அளவோடு ஒத்துள்ளது. மணமான தந்தையர்க்கு 7 நாள் விடுப்பும் அத்திருத்தத்தில் இடம்பெற்றது. சிங்கப்பூரில் குடியுரிமை பெறும் குழந்தையின் தாய்க்கு 2008 முதல் 16 வார விடுப்பு உண்டு. 2025 ஏப்ரல் முதல் தந்தையர்க்கு 4 வார விடுப்புக் கட்டாயமாயிற்று. அதனோடு பெற்றோர் பகிர்ந்துகொள்ளும் விடுப்பும் சேர்க்கப்பட்டது.

இவை யாவும் வேலை ஒப்பந்தத்தை அடிப்படையாகக் கொண்டவை. முழுநேர ஆய்வு மாணவியின் நிலையைத் தீர்மானிப்பவை அவர் கையொப்பமிடும் உதவித்தொகைக் கடிதமும் பல்கலைக்கழக விதிகளுமே. எனவே, பின்வரும் வினாக்களுக்கு அக்கடிதத்தில் விடையுண்டா என்பதை மாணவரும் நெறியாளரும் தொடக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுதல் நன்று.

(அ) மகப்பேற்று விடுப்பின்போது உதவித்தொகை தொடருமா, நிறுத்தப்படுமா?
(ஆ) விடுப்புக் காலம் பட்ட ஆய்வின் மொத்தக் காலத்தில் சேர்த்து எண்ணப்படுமா?
(இ) கால நீட்டிப்புக் கிடைத்தால் அக்காலத்திற்கு உதவித்தொகையும் உண்டா?
(ஈ) விடுப்புத் தொகை நெறியாளரின் நல்கையிலிருந்து கழிக்கப்படுமா?
(உ) தந்தையாகும் மாணவர்க்கு ஏதேனும் ஏற்பாடு உண்டா?

இவ்வினாக்களைக் குழந்தை பிறந்தபின் எழுப்புவதால் பயன் குறைவு. கருவுற்ற மாணவி ஒருத்தி தன் நெறியாளரிடம் அதனைச் சொல்லவே தயங்கும் சூழலில், விதிகளை முன்கூட்டியே எல்லா மாணவர்க்கும் அறிவித்துவிடுவது தயக்கத்தைப் போக்கும். எந்த மாணவியும் சலுகை கேட்பவளாக நிற்க வேண்டியதில்லை. விதியைப் பின்பற்றுபவளாக நிற்கலாம்.

7.0 முடிவுரை

பெற்றோராகும் இளம் அறிவியலாளர்க்கான ஆதரவு, ஊதிய விடுப்பு, தகுதிக் கால நீட்டிப்பு, மாற்றுப் பணியாளர் நிதி, வீட்டுப் பணிச்சுமைக் குறைப்பு, மீள்வருகைத் திட்டம் என ஐவகைப்படுவதை இக்கட்டுரையில் கண்டோம். இவற்றுள் ஒன்று மட்டும் போதுமானதன்று. எல்லையை நீட்டி ஊதியத்தை நிறுத்தினால் அந்நீட்டிப்பைப் பயன்படுத்துவார் அரியர். ஊதியம் தந்து சோதனைகளைக் கைவிட்டால் திரும்பி வருபவர் வெறும் மேசையைக் காண்பார்.

ஒரு முனைவரை உருவாக்க அரசும் பல்கலைக்கழகமும் பல்லாண்டுகள் பெரும்பொருள் செலவிடுகின்றன. அவர் தாயாகும் ஓராண்டில் சிறுதொகையைச் செலவிடத் தயங்கி, அவரையே இழந்துவிடுவது பொருந்தாக் கணக்கு. நிதி அமைப்புகளின் விதிகளை மாற்றுவது நம் கையில் இல்லாமற் போகலாம். ஆயினும், நம் துறைகளில் மாணவர் சேரும் நாளில் வழங்கும் வழிகாட்டிக் குறிப்பில் மேற்கண்ட ஐந்து வினாக்களுக்கும் விடை எழுதிச் சேர்ப்பது நம் கையில் உள்ளது. விடையில்லாத வினா எதுவென அப்போது தெரியவரும். மேலிடத்தில் கேட்கப்பட வேண்டியதும் அதுவே.